கிணறு வெட்டினவரும் கல்லைப் படிச்சவரும்

போன கோடையில மேட்டு நிலத்துல ஒரு போர் போட்டேன். 620 அடி. வந்தது சாம்பல் நிறத்துல வெறும் புழுதி. வண்டிக்காரங்களுக்குப் பணத்தை எண்ணிக் குடுத்துட்டு வரப்புல உக்காந்திருந்தேன். பெரியப்பா வந்தாங்க. எண்பது வயசு. கல்லிடைக்குறிச்சி சுத்துவட்டாரத்துல அவங்க கைபடாத வெட்டுக்கிணறு கம்மி.

"ஏலே, வெள்ளக்கல்லு ஓடுத பக்கமா போட்டிருக்கலாம்லா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேக்கலதான். உள்ளங்கையில தேங்காயை வச்சு நடந்தவரைத்தான் கேட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு, நிலவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருத்தர் வந்தார். போர்ப் புழுதியையும் பக்கத்துல கிடந்த பாறையையும் பார்த்துட்டு, "சார்னோகைட்" என்றார். பொதிகை மலையில பெரும்பகுதி இந்தக் கல்தானாம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு வச்ச கல் நம்ம சென்னைப் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வச்சிட்டார். சென்னையில இருக்கிற நீங்க பரங்கிமலையில மிதிக்கிறதும் இதே இனம்தான்.

இந்தக் கல்லுக்குள்ள தண்ணி நிக்காது. மேல உளுத்துப்போன பகுதியிலயும், கீழ வெடிப்புகள்லயும்தான் நிக்கும். வெடிப்பைத் தொடாத போர் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான். பெரியப்பா சொன்ன வெள்ளக்கல் குவார்ட்ஸ். பழைய வெடிப்புல படிஞ்சு இறுகினது. அதை ஒட்டிப் பாறை நொறுங்கியிருந்தா அங்க தண்ணிக்கு வாய்ப்பு உண்டு, ஆனா எல்லா இடத்துலயும் அப்படி இல்லன்னார். "அது எங்களுக்கும் தெரியும்யா, கிழக்க ஒரு கிணத்துல ஏமாந்திருக்கோம்"னாங்க பெரியப்பா. ரெண்டு பேரும் கிணத்து மேட்டுல உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசினாங்க. ஒருத்தருக்குக் கல்லோட பெயர் தெரியும், இன்னொருத்தருக்கு அது கிடக்கிற இடம் தெரியும்.

இந்த ரெண்டு பேரும் தற்செயலா சந்திச்சது எனக்கு உறுத்தலா இருக்கு. லண்டன்ல 1858-லேயே ஆர்வலர்களும் சேரலாம்னு நிலவியலாளர் சங்கம் ஒண்ணு தொடங்கினாங்க. பெண்களையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கிட்டாங்க. அங்கேயே படிச்சவங்களுக்கான பெரிய நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராக்க 1919 ஆச்சு. நம்ம நாட்டுல 1958-ல் பெங்களூருல இந்திய நிலவியல் கழகம் தொடங்கினாங்க, அடுத்த வருஷமே ஆய்விதழும் வந்தது. நல்ல காரியம். ஆனா ஆய்விதழ் பெரியப்பா கைக்கு எப்படி வரும்? படிச்சவரும் கிணறு வெட்டினவரும் பக்கத்துல பக்கத்துல உக்காருத சங்கம் தாலுகாவுக்கு ஒண்ணு வேணும்.

'விவரம் தெரியாதவங்க சேர்ந்தா கல்லை உடைச்சு அள்ளிட்டுப் போயிருவாங்க'ன்னு ஒரு பயம் உண்டு. நியாயமான பயம்தான். அதுக்கு, உடைக்காம பார்க்கச் சொல்லிக் குடுக்கணும், ஆளை வெளியே நிறுத்தக் கூடாது. கல்லை யாரும் பார்க்காத ஊர்லதான் மலையே ஜல்லியா லாரியில போகுது.

இதுல அவசரமும் இருக்கு. செவல், சரள், சுக்கான், கடும்பாறைன்னு பூமியை அடுக்கடுக்கா வெட்டிக் காட்டுறது பழைய கிணறுதான். போர்க்குழியில எட்டிப் பார்த்தா இருட்டுதான் தெரியும். அந்தக் கிணறுகள்லதான் இப்ப குப்பையைக் கொட்டி மூடுறோம். வெட்டினவங்களும் ஒவ்வொருத்தராப் போயிட்டிருக்காங்க.

அதனால நாங்க மூணு பேரும் தொடங்கிட்டோம். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கிணறு. பெரியப்பா சொல்லச் சொல்ல நண்பர் படம் போடுவார், நான் நோட்டுல எழுதுவேன். எந்த ஆழத்துல எந்தக் கல், ஊத்து எந்தத் திசையில. இதுவரை பதினோரு கிணறு ஆயிருக்கு.

ஊருக்கு வந்தா நீங்களும் வாங்க. சுத்தியல் வேண்டாம், தலைக்கு ஒரு துண்டு போதும். வரமுடியலன்னா உங்க ஊர்ல கிணறு வெட்டின ஒரு பெரியவரைத் தேடி, அவர் சொல்றதை எழுதி வைங்க.