பந்து சோறு போடுமா?

சிகாமட் - நம் வட்டாரத்தில் கூடைப்பந்து என்றால் சீனப்பள்ளித் திடல்தான் நினைவுக்கு வரும். நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து போதும் என்றிருக்கிறோம். ஆனால், கூடைப்பந்திலேயே பத்மஸ்ரீ விருது பெற்ற தமிழ்ப்பெண் ஒருவர் இருக்கிறார்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமையேற்றார். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் ஆடினார். குழந்தை பிறந்த பின்னும் திடலுக்குத் திரும்பினார். பிறகு 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் பயிற்சியாளரானார். 2021-இல் விருது வந்தது.

இதைத் திறமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. அவர் தென்னக ரயில்வே ஊழியர். விளையாட்டாளர்களுக்கு வேலை கொடுத்து, போட்டிக்கும் அனுப்பும் நிறுவனம் அது. மாதச் சம்பளம் வரும் வீட்டில் "பந்து சோறு போடுமா?" என்ற கேள்வி எழாது.

இங்கே மாநில அளவில் ஆடிய பெண்பிள்ளைகூட எஸ்பிஎம் முடிந்ததும் காலணியைக் கழற்றிவிடுகிறாள். பயிற்சியாளர் என்பதும் ஒரு தொழில் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழ் மூன்று நிலைகளில் பயிற்சியாளர் சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டிலேயே உள்ளது.

ஒருநாள் போட்டிக்குக் கிண்ணமும் ஜெர்சியும் வாங்கித் தரும் நம் இயக்கங்கள், ஆண்டுக்கு ஒரு பெண்ணின் பயிற்சிக் கட்டணத்தையாவது ஏற்கலாமே? கிண்ணம் அலமாரியில் நிற்கும். பயிற்சியாளர் அடுத்த அணியையே உருவாக்குவார்.