கைத்தொலைபேசியிற் கூடும் ஆசிரியர் சபை

கல்லூரிகளிலும் கந்தோர்களிலும் இன்று இரு சபைகள் கூடுகின்றன. ஒன்று மண்டபத்திற் கூடுவது. மற்றையது ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் இரவு பகலாகக் கூடிக்கொண்டேயிருப்பது. முன்னையதற்குக் குறித்த நேரமுண்டு, தலைவருண்டு, கூட்டக் குறிப்பு உண்டு. பின்னையதற்கு இவையொன்றுமில்லை. ஆயினும் கருமங்கள் பல பின்னையதிலேயே முடிவாகின்றன. இது தகுமோ என்பதே எமது வினா.

நம் நாட்டுப் பாடசாலைகளில் இச்சபை பெரும்பாலும் வட்ஸ்அப்பிலேயே கூடுகின்றது. 2009 ஆம் ஆண்டில் தோன்றிய அக்கருவி நண்பரும் உறவினரும் உரையாடுதற்கென ஆக்கப்பட்டதேயன்றி, நிருவாகம் நடத்துதற்கன்று. தொழிலகத்துக்கென்றே வந்தது ஸ்லாக். கிளிச் என்னும் கணினி விளையாட்டை ஆக்கிய குழுவினர் வெவ்வேறு நகரங்களில் இருந்தமையால், தம்முள் உரையாட ஒரு கருவி செய்துகொண்டனர். விளையாட்டு 2012 இல் மூடப்பட்டது; கருவி நிலைத்தது. 2017 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ரீம்ஸ் அதற்குப் போட்டியாக வந்தது.

இவற்றின் நன்மையை மறுப்பது நன்றிமறத்தலாகும். 2020 மார்ச்சில் கொரோனா நோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் முற்றாக அறுந்துபோகாமற் காத்தவற்றுள் இக்குழுக்களும் சேரும். காலை ஆறரை மணிக்கு ஓராசிரியர் காய்ச்சலென்று அறிவித்தால், முதல் மணி அடிக்குமுன் அவர் வகுப்புக்கு வேறொருவரை ஒழுங்குசெய்துவிடலாம்.

செய்தி சொல்வதோடு அமைந்தாற் குறையில்லை. கட்டளையும் ஆலோசனையும் அதே வாயிலாற் புகும்போதுதான் கேடு விளைகின்றது. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மலர்ப் படங்களுக்கும் நடுவே வினாத்தாள் ஒப்படைக்கவேண்டிய திகதி கிடக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கமோ சொல்லுந்தரமன்று. பாடமும் படமும் அங்கே ஒன்றே. நாளை நடக்கவிருப்பது எதுவென்று ஊகித்தே அறியவேண்டும்!

முன்னர் அறிவித்தற் புத்தகம் வகுப்பு வகுப்பாக வந்தது. ஆசிரியர் வாசித்துக் கையொப்பமிட்டார். ஐயமிருந்தால் ஓய்வறையிற் கேட்டார். அக்கையொப்பம் ஒரு பொறுப்பேற்பு. 2014 முதல் வட்ஸ்அப் காட்டும் நீல அடையாளம் செய்தி திறக்கப்பட்டதை மாத்திரமே உணர்த்தும். எனினும் அதனையே ஒப்புதலாகக் கொள்கின்றோம். இரவு பத்து மணிக்கு ஒருவர் யோசனையொன்றை இடுகிறார், நால்வர் பெருவிரலை உயர்த்துகின்றனர், ஐம்பதின்மர் உறங்குகின்றனர். விடிந்ததும் அது ஏகமனதான தீர்மானமாகிவிடுகின்றது. மண்டபத்தில் எழுந்து “இதனை ஏற்கேன்” என்று சொல்லும் ஓரிளம் ஆசிரியர், மேலதிகாரியின் செய்திக்குக் கீழே அதனை எழுதத் துணிவாரா?

இரவைப்பற்றியும் ஒரு சொல். ஐம்பதோ அதற்கு மேலோ தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்கள், வேலைநேரத்தின் பின் தொடர்பினின்று விலகியிருக்கும் உரிமைபற்றி அவர்களோடு பேசவேண்டுமெனப் பிரான்சுச் சட்டம் 2017 இல் விதித்தது. அவுஸ்திரேலியாவும் 2024 இல் இத்தகைய உரிமையை நடைமுறைப்படுத்தியது. பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தவும் தன் பிள்ளையின் பாடத்தைக் கேட்கவும் நம் ஆசிரியருக்கும் மாலைப்பொழுது வேண்டும்.

யான் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. இத்தகைய மலர்களுக்குக் கல்லூரி வரலாறு எழுதுவோர் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டுகின்றனர். கட்டடம் எழுப்பியது யார் யோசனை, எதிர்த்தவர் யார் என்பன அங்கே மையில் நிற்கின்றன. அடுத்த விழாவுக்கு எழுதுவோர் எதனைப் புரட்டுவர்? ஒருவர் கைத்தொலைபேசி பழுதானால் அவரிடமிருந்த உரையாடலும் போய்விடலாம். ஸ்லாக்கைக் கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு, 2022 இல் வந்த விதியின்படி, கடந்த 90 நாட்செய்திகளே கண்ணுக்குப் புலப்படும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்பிரலிலும் நம் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடுத்தபோது வட்ஸ்அப்பும் முடங்கியது. அதனை மாத்திரம் நம்பியிருந்த நிறுவனங்கள் அந்நாள்களில் ஊமையாயின.

“புத்தகம் சுமந்து திரியும் காலமா இது?” என்று இளையோர் நகைக்கக்கூடும். குழுவைக் கலைக்கும்படி யான் கேட்கவில்லை. குழுவில் வரும் கட்டளை எதுவும் மறுநாள் புத்தகத்தில் ஏறிய பின்னரே செல்லுபடியாகட்டும். அவசரமல்லாத செய்தி இரவு ஏழு மணியின் பின் வேண்டாம். வாதத்துக்குரிய பொருள் மண்டபத்துக்கு வரட்டும். அடுத்த தவணை ஆசிரியர் கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகச் சமர்ப்பிக்க எண்ணியுள்ளேன். எதிர்ப்போர் அங்கே எழுந்து பேசுவாராக. அவர் கூற்றும் குறிப்பேட்டிற் பதியப்படும்.