பேச்சுக்கு ஒரு முதலாளி வேண்டுமா?

1988-ம் ஆண்டு கோடைக்காலம். பின்லாந்து நாட்டில் ஓலு என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கோடைக்கால வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வேலை கொஞ்சம், நேரமோ ஏராளம்!

வாலிபர் சும்மா இருக்கவில்லை. பலர் ஒரே சமயத்தில் எழுத்தாலேயே பேசிக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதினார். அதன் பெயர் ஐ.ஆர்.சி. அவர் பெயர் யார்க்கோ ஒய்க்காரினன்.

திண்ணைப் பேச்சு

நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்கள். அது சர்வர் என்னும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்தச் சர்வர் அடுத்த ஊர்ச் சர்வருக்குச் சொல்கிறது. அது இன்னொன்றுக்குச் சொல்கிறது. கண்மூடித் திறப்பதற்குள், அதே "அறை"யில் இருக்கும் எல்லோர் திரையிலும் உங்கள் வரி தோன்றிவிடும்.

பேசியதைச் சர்வர் சேர்த்து வைப்பதில்லை. தாமதமாக வந்தவருக்கு முன்பு பேசியது தெரியாது. கேட்டவர் யாராவது குறித்து வைத்தால்தான் உண்டு. நம் திண்ணைப் பேச்சும் அப்படித்தானே!

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒரு கூட்டம் ஆட்சியைப் பறிக்கப் பார்த்தது. தெருவிலே டாங்கிகள். டெலிவிஷனைப் போட்டால் "அன்னப்பறவை ஏரி" நாட்டியம்! உண்மைச் செய்திக்குப் பஞ்சம். அப்போது ஐ.ஆர்.சி. வழியாகச் சேதி எல்லை தாண்டிப் போயிற்று. சதியை முறித்தது இந்தப் புரோகிராம் என்று சொல்ல மாட்டேன். தெருவில் நின்ற மக்கள் முறித்தார்கள். ஆனால் வெளியுலகம் குருடாக இருக்கவில்லை.

வீடு மாறினார்கள்

இன்று நம் குடும்பப் பேச்சு முழுவதும் ஒரு கம்பெனியின் கதவு வழியாகப் போகிறது. கதவை அவர்கள் சாத்தினால் என்ன செய்வோம்? இதுதான் என் கவலை.

ஐ.ஆர்.சி.க்கு இந்தப் பயம் இல்லை. அதன் விதிகளை 1993-லேயே எழுதி எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டார்கள். யாரும் சர்வர் நடத்தலாம். ஃப்ரீநோட் என்ற பெரிய கூட்டத்தில் 2021-ல் நிர்வாகத் தகராறு வந்தது. தொண்டர்கள் விலகினார்கள். அதே மே மாதத்தில் "லிபெரா" என்று புதிதாகத் தொடங்கினார்கள். பல அறைகள் சட்டிபானையோடு அங்கே குடியேறின! கம்பெனி வீட்டில் இருப்பவர் அப்படிக் கிளம்ப முடியுமா?

குறையும் உண்டு. முகம் தெரியாது, புனைபெயர்தான் தெரியும். போக்கிரிகளும் நுழைவார்கள். குழந்தைகளைத் தனியே விடக்கூடாது.

"நீர் எதில் பேசுகிறீர்?" என்று கேட்பீர்கள். கம்பெனிக்காரர் வழியாகத்தான். சித்தப்பா முதல் மைத்துனர் வரை எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் மட்டும் தனியாக எங்கே போவது?