சேத்ரிக்குப் பின் யார்?



இந்தியக் கால்பந்து அணிக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் இந்தியரே முழுநேரப் பயிற்சியாளரானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல், முதல் போட்டித் தொடரிலேயே மூத்த முன்கள வீரர் சுனில் சேத்ரியை விட்டுவிட்டு அணியைத் தேர்ந்தெடுத்தார். மோகன் பகான் கிளப்பும் தன் வீரர்களை அனுப்பவில்லை. அப்படியும் நம் வீரர்கள் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என வென்றார்கள். மூன்றாம் இடத்துக்காக ஓமனுடன் நடந்த ஆட்டம் பெனால்டி வரை போனது. கடைசி உதையைக் கோல்காவலர் குர்பிரீத் தடுத்ததும் அந்த இடம் நமக்கு வந்தது.

அந்தத் துணிச்சல் அக்டோபரில் எங்கே போயிற்று? ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூருக்கு எதிராக 41 வயது சேத்ரியை மீண்டும் அழைத்தார். சேத்ரி மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் அவரை அழைத்தது, அவர் இடத்துக்கு இன்னும் யாரையும் வளர்க்கவில்லை என்பதன் ஒப்புதல். கோவாவின் மட்கானில் நம் வீரர் சாங்தே முதல் கோல் அடித்தும் 1-2 எனத் தோற்றோம். 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. எங்கள் ஊரில் தறியை நிறுத்திவிட்டு வந்து கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பையன்கள் பேசாமல் எழுந்து போனார்கள்.

வளர்க்க ஆள் இல்லாமல் இல்லை. சென்னையின் நந்தகுமார் சேகர் இந்தியாவுக்கு ஆடியவர். அவரைப் போன்றவர்கள் சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். ஐ.எஸ்.எல். ஆட்டங்களோடு நின்றுவிடாமல், இரண்டாம் நிலை லீக், சந்தோஷ் டிராபி ஆட்டங்களுக்கும் பயிற்சியாளர் நேரில் வந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், முள்ளிப்பட்டு, ஆரணி