பின்வாங்கத் தெரிந்த கலங்கள்

பெங்களூரின் ஓசூர்ச் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வரை நீளும் மேம்பாலம் ஏறக்குறைய 10 கி.மீ. அதில் முன்னே போகும் வண்டியை எட்டிப்பிடிக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும். வானில் 475 கி.மீ. உயரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் சுற்றும் கலம், முன்னே போவதைப் பிடிக்க நினைத்து வேகத்தைக் கூட்டினால், அதன் பாதை உயரும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கூடும், இன்னும் பின்தங்கிவிடும். எட்டிப்பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ இறங்க வேண்டும். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும்.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 சுமந்து சென்ற, விண்ணில் ஒன்றோடொன்று இணைவதைச் சோதிக்கும் ஸ்பேடெக்ஸ் இணைக்கோள்கள் இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் போட்டன. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. 20 கி.மீ., 5 கி.மீ., 500 மீட்டர் எனப் படிப்படியாக நெருங்க வேண்டும். கடைசியில் நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் போய்த் தொட வேண்டும். மூன்று மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடம்! வேகம் சற்றுக் கூடினால் மோதல். 1997-ல் மிர் விண்வெளி நிலையத்தில் சரக்குக் கலம் மோதி, ஒரு பகுதியில் காற்றே கசிந்துபோனது.

இணைக்கும் நாள் ஜனவரி 7 என்றார்கள் இஸ்ரோவினர்; பிறகு 9-க்குத் தள்ளினார்கள். 225 மீட்டருக்கு நெருங்கும் முயற்சியில் எதிர்பார்த்ததைவிடக் கலம் விலகி நகரவே, அதுவும் தள்ளிப்போனது. 12-ம் தேதி மூன்று மீட்டர் வரை நெருங்கவிட்டு, மறுபடி பின்னுக்கு இழுத்தார்கள். தேதி தள்ளினாலே தோல்வி என்று பேசிப் பழகிய நமக்கு அது தடுமாற்றமாகத் தெரிந்திருக்கலாம். என் பார்வையில், இந்தத் திட்டத்தின் ஆகப்பெரிய சாதனை அந்தப் பின்வாங்கல்தான். நெருங்கிய கலத்தைப் பத்திரமாக விலக்கத் தெரிந்தவரை நம்பித்தான் மனிதரை அதில் ஏற்ற முடியும்.

ஜனவரி 16-ல் இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடு என்று கொண்டாடினோம். மார்ச் 13-ல் பிரித்து, ஏப்ரல் 20-ல் மீண்டும் இணைத்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. முதல் முறை மூன்று மீட்டரில் நிறுத்தி, பிறகே இணைத்தார்கள். இரண்டாம் முறை 15 மீட்டரிலிருந்து கலமே முடித்தது. மறுநாள் ஒன்றின் மின்சாரம் இன்னொன்றின் ஹீட்டரை இயக்கியது. ஒருமுறை செய்வது செய்தி. மறுமுறை செய்வதே தேர்ச்சி.

சந்திரயான்-4 இரண்டு ராக்கெட்டுகளில் ஏறி, விண்ணில் இணையப்போகிறது. ஒதுக்கீடு ரூ.2,104 கோடி. அதிலும் தேதிகள் தள்ளிப்போகும். ஸ்பேடெக்ஸ் கலம் ஏன் விலகியது என்பதற்கு அன்று நமக்குக் கிடைத்தது ஓரிரு வரி அறிவிப்பு. அடுத்த முறை தள்ளிப்போகும்போது, காரணத்தை விரிவாக, தமிழிலும் கன்னடத்திலும் இஸ்ரோ சொல்லட்டும். ஓசூர்ச் சாலையில் இருபுறமும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.