அச்சக் கதையும் அறிவும்

பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று பெரியோர் சிலர் கடிந்துரைப்பர். யாம் அதற்கு உடன்படோம். மூடநம்பிக்கை தாயத்தொன்றைக் கட்டி வினாவை முடித்துவிடும்; நல்ல அச்சக் கதையோ அவ்வினாவைத் திறந்தே வைக்கும். 1943-ல் வெளிவந்த 'காஞ்சனை'யில், வந்தவள் பேயோ பெண்ணோ என்பதைப் புதுமைப்பித்தன் தீர்த்துரைக்கவில்லை.

இத்தகைய கதைகளுக்கென்றே அமெரிக்காவில் 1923-ல் 'வியர்ட் டேல்ஸ்' என்னும் இதழ் தோன்றிற்று. அதில் எழுதிய லவ்கிராஃப்ட், அண்டப்பெருவெளியின் முன் மனிதன் எத்துணைச் சிறியன் என்று காட்டினார்.

சேவுகம்பட்டிக்கு அணித்தேயுள்ள வத்தலக்குண்டு, 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்திய பி. எஸ். ராமையாவை ஈன்ற ஊர். இப்பக்கத்து மாணவர், பாட்டிமார் திண்ணையில் கூறிய கதைகளை எள்ளி ஒதுக்காது எழுதிவைப்பாராக. அவற்றிற்கெனக் கையெழுத்து இதழொன்றேனும் தொடங்குவாராக. தன் சிறுமை உணர்ந்து அஞ்சுதல் அறியாமையன்று, அறிவின் தொடக்கமே.