ஒரு பல்லு போனதுக்கு மூணு பல்லுக்குக் காசா?

எங்க பக்கம் பல்வலிக்கு ஒரே வைத்தியம்தான். முதல்ல கிராம்பு. அப்புறம் மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை. அதுக்கும் அடங்கலைன்னா போய்ப் புடுங்கிட்டு வந்துர்றது. வலி நின்னதும் அந்தப் பல்லோட கணக்கை முடிச்சாச்சுன்னு நினைச்சுக்கறோம். உண்மையில கணக்கு அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது.

தோப்புல ஒரு மரம் விழுந்தா பக்கத்துல இருக்கறது வெளிச்சத்தைப் பார்த்து அந்தச் சந்துக்குச் சாயும். வாயிலயும் அதேதான். கடவாய்ப் பல்லு ஒண்ணு போனா, ரெண்டு பக்கத்துப் பல்லும் மெதுவா அந்த இடத்துக்குச் சாயும். நேர் எதிர்ல இருக்கற பல்லுக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால, அதுவும் தன் இடத்தை விட்டு நீண்டு வரும். சாஞ்ச இடுக்குல சோறு சிக்கும். சிக்கினது சொத்தையாகும். அடுத்த பல்லும் போகும்.

இதுல முதல் நஷ்டம் சாப்பாட்டுக்குத்தான். எங்க ஊருப் பெரியவங்க கொள்ளும் கடலையும் கறியும் தின்னு காட்டுல உழைச்ச உடம்பு. பல்லு போனதும் கொள்ளை விட்டு ரசத்துக்கு வந்துர்றாங்க. காலையில டீயில நனைச்ச பன்னு, ராத்திரி கரைச்ச சோறு. சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது இன்னும் கேடு. நீங்க ஊருக்கு வர்றப்ப அம்மா கடலை உருண்டையை உங்க கையில கொடுத்துட்டு "எனக்கு வேண்டாம் கண்ணு, நீ தின்னு"ம்பாங்க. பாசம்தான், இல்லைங்கல. ஆனா மெல்ல முடியலைங்கறதும் அதுக்குள்ள இருக்கும்.

இப்படிப் போன பல்லுக்குப் பதில் கட்டற நிலைப் பல்லைத்தான் டாக்டருங்க 'பிரிட்ஜ்'ங்கறாங்க. ராத்திரி கழட்டித் தண்ணியில போடற பல்செட் மாதிரி இல்ல. ரெண்டு பக்கத்துப் பல்லையும் சுத்திச் செதுக்கி, அதுமேல தொப்பி மாதிரி ரெண்டு உறை, நடுவுல ஒரு பொய்ப்பல்லு, மூணையும் ஒண்ணா வார்த்து சிமெண்ட் வச்சு ஒட்டிருவாங்க.

இங்கதான் எங்க ஆளுங்களுக்குக் கோவம் வருது. "ஒரு பல்லு போனதுக்கு மூணு பல்லுக்குக் காசு கேக்கறான், கொள்ளை!"ன்னு எந்திரிச்சு வந்துர்றாங்க. அது கொள்ளை இல்லைங்க. செய்யறதே மூணு பல்லு வேலை. நுகத்தடியை ரெண்டு மாடு தாங்கற மாதிரி, இல்லாத பல்லோட பாரத்தையும் சேர்த்து அந்த ரெண்டு பல்லும்தான் தாங்குது. அதனால மாடு திடமா இருக்கான்னு பார்க்கணும். ஈறு கரைஞ்சு பல்லு ஆடுச்சுன்னா அதுமேல பிரிட்ஜ் கட்டறது வீண்.

அதே நேரம், செதுக்கின பல்லு திரும்ப வளராது. பக்கத்துப் பல்லு ரெண்டும் சொத்தையில்லாம இருந்தா, "இம்பிளாண்ட் சரிவருமா, கழட்டற பல்லு போதுமா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இம்பிளாண்ட்ங்கறது எலும்புல திருகு இறக்கறது. பக்கத்துப் பல்லைத் தொடாது, ஆனா செலவும் அதிகம், மாசக்கணக்குல இழுக்கும். அதுக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "புடுங்காம வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்த முடியுமா?" முடிஞ்சா அதுதான் லாபம்.

நான் பயப்படறது இன்னொரு விசயத்துக்கு. சந்தை பஸ் ஸ்டாண்டு ஓரமா, படிப்பு எதுவும் இல்லாம, "அரை மணி நேரத்துல நிலைப் பல்லு"ன்னு சொல்லிக் கட்டறவங்க இருக்காங்க. பிளாஸ்டிக் மாவைக் குழைச்சு, கம்பியைச் சுத்தி, பக்கத்துப் பல்லோட அப்பிவிட்டுருவாங்க. காசு கம்மி, அலைச்சல் இல்ல. ஆனா அடியில அழுக்கு சேர்ந்து ஈறு அழுகி, தாங்கின நல்ல பல்லும் சேர்ந்து விழும். 1948லயே பல் மருத்துவச் சட்டம் வந்துருச்சு. பதிவு பண்ணின டாக்டர் தவிர வேற யாரும் இதைச் செய்யக்கூடாது. இருந்தும் அவங்ககிட்டக் கூட்டம் ஏன் குறையல?

ஏன்னா பிரிட்ஜுக்கு மூணு நாலு தடவை போகணும். செதுக்கி அளவெடுக்க ஒரு நாள், லேப்ல இருந்து வந்ததைப் பொருத்திப் பார்க்க ஒரு நாள், ஒட்ட ஒரு நாள். ரெண்டு வேளை பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தறவங்களுக்கு, நாள் கூலிக்குப் போறவங்களுக்கு, ஒவ்வொரு நாளும் காசு. அரசு ஆஸ்பத்திரியில புடுங்கறதுக்குச் செலவில்ல. புடுங்கின இடத்துல கட்டறதுக்குப் பெரும்பாலும் தனியார்கிட்டப் போகணும், இல்லைன்னா பல் மருத்துவக் கல்லூரிக்கு ஊர் விட்டு ஊர் போகணும். புடுங்கறதுக்கு இருக்கற வசதி கட்டறதுக்கும் தாலுகா அளவுல வந்தாத்தான் அந்தப் பஸ் ஸ்டாண்டு கடை காலியாகும். பல்லு அழகுக்குன்னு நினைக்கறதை அரசாங்கமும் விடணும், நாமளும் விடணும்.

அதுவரைக்கும் டவுன்ல இருக்கற உங்ககிட்டத்தான் கேக்க முடியுது. தீபாவளிக்குப் புடவை வேட்டி எடுத்துட்டு வர்றீங்க, சந்தோசம். இந்தத் தடவை அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. "இந்த வயசுல எனக்கெதுக்கு?"ம்பாரு. விடாதீங்க. ஒரு வாரம் கூட வச்சிருந்து முடிச்சு அனுப்புங்க. பொய்ப்பல்லுக்கு அடியில விட்டுச் சுத்தம் பண்ணற சின்ன பிரஷ்ஷையும் வாங்கிக் கொடுத்து, எப்படின்னு காட்டிவிடுங்க. ஒழுங்காப் பார்த்துக்கிட்டா பத்து வருசத்துக்கு மேலயும் உழைக்கும். பத்து வருசம் கொள்ளும் கடலையும் மென்னு தின்னா, அவருக்கு அதை விடப் பெரிய சீர் என்ன இருக்கு?